நல்லது மட்டும் போதுமா? – வணிகத்தில் மாற்று இயக்குதளங்கள் தோற்பது ஏன்?

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் நம் கிருமாம்பாக்கத்தைக் கடந்து செல்லும் ஒருவர், வழியிலுள்ள மருந்துக்கடை, இரும்புக்கடை, உரக்கடை, அச்சகம், ஆடிட்டர் அலுவலகம் ஆகியவற்றுள் நுழைந்து பார்ப்பாராயின், பெரும்பாலான மேசைகளில் ஒரு கணிப்பொறியைக் காண்பார். அக்கணிப்பொறிகளை முடுக்கிப் பார்ப்பாராயின், அவற்றுள் மிகப் பலவற்றில் ஒரே நிறுவனத்தின் இயக்குதளமாகிய விண்டோஸ் இருக்கக் காண்பார். உலகில் வேறு இயக்குதளங்கள் இல்லையா? உண்டு. விலையின்றிக் கிடைப்பவையும் உண்டு. நம் நாட்டவரே, அதுவும் சென்னையிலிருந்தே, உருவாக்கி அளித்த ஒன்றும் உண்டு. ஆயினும் வணிகர்கள் அவற்றை நாடவில்லை. காரணம் என்ன?

“மற்றவை மட்டமானவை, அதனால்தான் தோற்றன” என்பது பலரும் எளிதாகக் கூறும் விடை. அவ்விடை சரியன்று. தோற்றவற்றுள் சில, வென்றதைவிடச் சிறந்தவை. அப்படியானால் அவற்றைத் தோற்கடித்தது எது என்பதே நம் ஆராய்ச்சி. வணிகவியல் பயிலும் மாணவியர்க்கும், கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவியர்க்கும், மகளை எந்தக் கணிப்பொறி வகுப்பில் சேர்க்கலாம் என்று எண்ணும் பெற்றோர்க்கும் இது பயன்படும்.

இயக்குதளம் என்பது யாது?

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆள்வதும், நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு இடமளிப்பதும் இயக்குதளத்தின் பணிகள். விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவதும், கோப்பைத் தட்டில் பதிவதும், அச்சுப்பொறிக்குக் கட்டளை அனுப்புவதும் அதுவே. கணக்கு எழுதும் மென்பொருள், கடிதம் எழுதும் மென்பொருள், படம் வரையும் மென்பொருள் ஆகியவை பயன்பாட்டு மென்பொருள்கள் எனப்படும். இவை இயக்குதளத்தின் மேல் நின்று வேலை செய்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் இயக்குதளத்திற்கென்று எழுதிய மென்பொருள் பிறிதொன்றில் பொதுவாக இயங்காது. ஆகவே இயக்குதளத்தை மாற்றுகிறவர் அதன்மேல் உள்ள அனைத்தையும் மாற்ற வேண்டியவராகிறார். வீட்டின் வண்ணத்தை மாற்றுவது வேறு, அடித்தளத்தை மாற்றுவது வேறு அல்லவா?

தண்டவாளம் தரும் பாடம்

இதனை விளக்க நம் ஊர்ப் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு 1879-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. அது மீட்டர் பாதை. அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். அகலப்பாதையின் அகலமோ 1.676 மீட்டர். மீட்டர் பாதை குறையுடையது என்று சொல்ல முடியாது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது மக்களையும் சரக்குகளையும் சுமந்தது. ஆனால் அகலப்பாதையில் வந்த சரக்கு வண்டி அதில் ஓடாது. இரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் மூட்டைகளை இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்குக் கூலி வேண்டும், நேரம் வேண்டும், வழியில் சேதமும் உண்டு. இந்தத் தொல்லையை ஒழிக்கவே 1992-ஆம் ஆண்டில் ‘ஒரே அகலப்பாதை’த் திட்டம் இந்திய இரயில்வேயில் தொடங்கப்பட்டது. நம் பாதையும் பின்னர் அகலப்பாதையாயிற்று.

ஒரு பாதையின் பயன் அப்பாதையின் தரத்தில் மட்டும் இல்லை, அது எத்தனை ஊர்களோடு இணைந்திருக்கிறது என்பதிலும் இருக்கிறது. இயக்குதளமும் அப்படிப்பட்டதே.

முதற் போட்டி

1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதற்கு ஒன்றல்ல, மூன்று இயக்குதளங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையான இரண்டு: மைக்ரோசாஃப்ட் அளித்த டாஸ், டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் சி.பி./எம்.-86. அதற்கு முன் சிறு கணிப்பொறிகளில் வணிகர்களிடையே பெயர் பெற்றிருந்தது சி.பி./எம்.தான். டாஸ் புதிது. மைக்ரோசாஃப்ட் அதனைத் தானே எழுதவில்லை. சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்றிடமிருந்து விலைக்கு வாங்கியது.

எனினும் புதியது வென்றது. டாஸின் விலை ஏறத்தாழ 40 டாலர். சி.பி./எம்.-86 சில மாதம் தாமதமாக வந்தது. அதன் விலையோ 240 டாலர். வாங்குவோர் மலிவானதை வாங்கினர். வாங்கியவர் பலராகவே, மென்பொருள் எழுதுவோரும் டாஸுக்கே எழுதினர். 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குத்தாள் மென்பொருளுக்காகவே பல அலுவலகங்கள் கணிப்பொறி வாங்கின. மென்பொருள் பெருகியதால் வாங்குவோர் மேலும் பெருகினர். வாங்குவோர் பெருகியதால் மென்பொருளும் மேலும் பெருகியது. இந்தச் சுழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவது அரிது. தொடக்கத்தில் விலை முடிவு செய்தது; பிறகு கூட்டம் முடிவு செய்தது.

சிறந்தது தோற்ற கதை

அந்த ஐ.பி.எம். நிறுவனமே பின்னர் இச்சுழற்சியில் சிக்கித் தவித்தது. அதுவும் மைக்ரோசாஃப்டும் இணைந்து 1987-இல் ஓ.எஸ்./2 என்னும் புதிய இயக்குதளத்தை அறிவித்தன. சில ஆண்டுகளில் கூட்டு முறிந்தது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸை வளர்த்தது, ஐ.பி.எம். ஓ.எஸ்./2-ஐத் தனியே வளர்த்தது. 1992-இல் வந்த ஓ.எஸ்./2-இன் இரண்டாம் பதிப்பு, பல வேலைகளை ஒரே நேரத்தில் தடுமாறாமல் செய்வதில் அன்றைய விண்டோஸைவிடத் தேர்ந்தது. விண்டோஸ் மென்பொருள்களையும் அது தன்னுள் இயக்கிக் காட்டியது.

அந்தச் சிறப்பே அதற்கு வினையாயிற்று. மென்பொருள் நிறுவனங்கள் எவ்வாறு எண்ணின? “நாம் விண்டோஸுக்கு எழுதினால் போதும், ஓ.எஸ்./2 வைத்திருப்பவரும் அதையே ஓட்டிக்கொள்வார். இரண்டு முறை ஏன் எழுத வேண்டும்?” எனவே ஓ.எஸ்./2-க்கென்று எழுதியோர் குறைந்தனர். வாங்குவோரும், “விண்டோஸ் மென்பொருளைத்தான் ஓட்டப்போகிறோம் என்றால் விண்டோஸையே வாங்கலாமே” என்றனர். உலகின் மிகப் பெரிய கணிப்பொறி நிறுவனங்களுள் ஒன்று தன் பணத்தையும் பெயரையும் ஈடாக வைத்தும் வெல்ல முடியவில்லை. 2006-ஆம் ஆண்டின் இறுதியோடு ஓ.எஸ்./2-க்கான பொது ஆதரவை அது நிறுத்திக்கொண்டது.

மைக்ரோசாஃப்டின்மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 1999-ஆம் ஆண்டு நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்ஸன் உண்மைகளை ஆராய்ந்து தம் முடிவுகளை வெளியிட்டார். விண்டோஸுக்கு 70,000-க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் இருந்தன என்றும், ஓ.எஸ்./2-க்கு அதன் உச்சநிலையில்கூட ஏறத்தாழ 2,500-தான் இருந்தன என்றும் அதில் குறிப்பிட்டார். புதியவர் உள்ளே நுழைய முடியாதபடி மென்பொருள்களே ஒரு தடைச்சுவராக நிற்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. அச்சுவரைக் காத்துக்கொள்ள அந்நிறுவனம் முறையற்ற வழிகளையும் கையாண்டது என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பின் சில பகுதிகளை நீக்கினாலும், ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்தை மீறியது என்ற முடிவை உறுதி செய்தது. ஆகவே வென்றவரின் வெற்றி முழுவதும் நேர்மையால் வந்தது என்றும் நாம் எண்ணிவிடக் கூடாது.

நம் நாட்டு முயற்சி

ஃபின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் என்னும் கருவை எழுதி, எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் தக்கதாக வெளியிட்டார். அதன்மேல் கட்டப்பட்ட இயக்குதளங்கள் பல. இந்திய அரசின் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-இல் சென்னையில் தொடங்கின. அங்கிருந்து 2007-இல் வெளிவந்ததே ‘பாஸ்’ என்னும் பாரத இயக்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணிபுரிய அது வழி செய்தது. விலை ஏதுமில்லை.

தமிழக அரசின் மின்னணு நிறுவனமாகிய எல்காட், அதே காலத்தில் தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறிகளை வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸும் பாஸும் இரண்டுமே இருந்தன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸை நிறுவ வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது.

இத்தனை முயற்சிகள் நடந்தும் நம் பக்கத்துக் கடைகளில் பாஸைக் காண்பது அரிதாகவே இருக்கிறது. ஒரு வீட்டிற்கு இரண்டு வாயில்கள் வைத்துவிட்டால் மட்டும் போதாது. இரண்டாவது வாயிலுக்கு வெளியே ஒரு தெருவும் இருக்க வேண்டும்.

ஒரு கடையின் கணக்கு

இனி, நம் சாலையோரத்தில் ஓர் இரும்புக்கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதன் உரிமையாளர் ஒரு புதிய கணிப்பொறி வாங்குகிறார். விலையில்லா இயக்குதளம் ஒன்றை நிறுவிக்கொண்டால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அவர் மகள் எடுத்துச் சொல்கிறாள். அவரும் இசைகிறார். பிறகு என்ன நடக்கும் என்று வரிசையாக நோக்குவோம்.

முதலாவதாக, ஆடிட்டர். அவர் கேட்பது டேலி கோப்பு. 1986-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பாகிய டேலி, நம் நாட்டுச் சிறு வணிகரின் கணக்குப் புத்தகமாகவே ஆகிவிட்டது. அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. வேறு கணக்கு மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஆடிட்டரிடம் உள்ள பையனுக்குத் தெரிந்தது டேலி.

இரண்டாவதாக, அரசு. 2017 ஜூலை 1-ஆம் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, விவரங்களை இணைப்பின்றித் தொகுத்து வைத்துக்கொள்ள அளிக்கப்பட்ட கருவி விண்டோஸில்தான் இயங்கியது. கட்டற்ற மென்பொருளை ஆதரிப்போம் என்று ஒரு துறை சொல்ல, மற்றொரு துறை விண்டோஸ் இல்லாமல் படிவம் தர முடியாது என்ற நிலையை உண்டாக்கினால் வணிகர் எதைக் கேட்பார்? தண்டத் தொகை எங்கே விதிக்கப்படுமோ அங்கேதான் அவர் கவனம் இருக்கும்.

மூன்றாவதாக, தமிழ். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துருவும் குறிமுறையும் வைத்திருந்தது. தமிழக அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் வேறு பல. அவ்வெழுத்துருக்களுக்குரிய தட்டச்சு மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதப்பட்டன. கடையின் விளம்பரத் துண்டறிக்கையை அச்சகத்திலிருந்து வாங்கி வந்து மாற்றுத் தளத்தில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை பொதுவாக ஏற்கப்பட்டது. எந்த இயக்குதளத்திலும் ஒரே முறையில் தமிழ் எழுத அது வழி வகுத்தது. ஆனால் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன.

நான்காவதாக, பழுது பார்ப்பவர். கணிப்பொறி நின்றுபோனால் பாகூரிலிருந்தோ அரியாங்குப்பத்திலிருந்தோ ஒருவர் வந்து அரைமணியில் சரிசெய்ய வேண்டும். அவருக்குத் தெரிந்தது விண்டோஸ். லினக்ஸ் அறிந்தவர் வேண்டுமெனில் நகரிலிருந்து வரவேண்டும். அதுவரை கடையில் ரசீது போட முடியாது. ஒரு நாள் ரசீது நின்றால், மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய் என்னாகும்?

ஐந்தாவதாக, திருட்டுப் பிரதி. விலையுள்ள இயக்குதளத்தை விலை கொடாமல் நிறுவித் தருவோர் உள்ள வரையில், விலையில்லா இயக்குதளத்தின் முதற்பெரும் சிறப்பு மறைந்துபோகிறது. இது சிறு தவறு அன்று. திருட்டுப் பிரதி என்று அறிந்தே பயன்படுத்துவோருக்கு, பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மேலும், நேர்மையாக இலவசமாய்க் கிடைப்பதை விட்டுவிட்டுப் பிறர் உழைப்பைக் களவாடுவது எவ்வாறு முறையாகும்? பெற்றோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இந்த ஐந்து தடைகளுள் எதுவும் இயக்குதளத்தின் உள்ளே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எல்லாம் கடைக்கு வெளியே, பிறரிடம் இருக்கின்றன. வணிகர் வாங்குவது ஓர் இயக்குதளத்தை மட்டும் அன்று. தம்மோடு கொடுக்கல் வாங்கல் உடையவர்களுடன் ஒத்துப்போகும் வசதியையே அவர் வாங்குகிறார். தனியாக மாறுகிறவர் செலவு முழுவதையும் தாமே சுமக்கிறார்; பயனோ எல்லோரும் மாறிய பிறகுதான் கிடைக்கும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் மாறட்டும் என்று காத்திருக்கின்றனர். இதுவே தோல்வியின் வேர்.

வென்ற இடங்கள்

அப்படியானால் மாற்று இயக்குதளங்கள் எங்குமே வெல்லவில்லையா? வென்றன. எங்கே வென்றன என்று பார்த்தால் நம் கருத்து மேலும் தெளிவாகும்.

இணையத்தின் பின்னணியில் இயங்கும் வழங்கிக் கணிப்பொறிகளில் லினக்ஸ் ஓங்கி நிற்கிறது. உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அனைத்துமே லினக்ஸில் இயங்குவன. காரணம், வழங்கியின் உள்ளே எந்த இயக்குதளம் இருக்கிறது என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. கேட்டதற்கு விடை வந்தால் போதும். பிறரோடு ஒத்துப்போகும் சுமை அங்கே இல்லாததால் தரமும் விலையும் மட்டும் நின்று வென்றன. கைப்பேசியிலோ 2008-இல் ஆண்ட்ராய்டு வந்தபோது கட்டிக் காக்க வேண்டிய பழைய கோப்புகள் எவரிடமும் அவ்வளவாக இல்லை. அதன் கருவும் லினக்ஸே. லினக்ஸை அறியோம் என்போர் பலர் அதனைத் தம் கையிலேயே வைத்திருக்கிறார்கள்!

மூன்றாவது வெற்றி நம் அண்டை மாநிலத்தில். கேரள அரசுப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், சில ஆண்டுகளில் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அத்திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. அங்கே இயக்குதளத்தை மட்டும் மாற்றவில்லை. பாடநூலை அதற்கேற்ப எழுதினர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தனர். செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தினர். பழுதானால் உதவ ஆட்களை அமர்த்தினர். ஆசிரியர், மாணவர், தேர்வாளர் ஆகிய வட்டம் முழுவதும் ஒன்றாக மாறியது.

நம் பாட்டிமாருக்கு இது புதிதன்று. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் நம் நாட்டில் அணாவும் பழைய பைசாவும் போய், ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற முறை வந்தது. பதினாறு அணாக் கணக்கில் பழகிய மக்களுக்கு அது எளிதாக இருந்திருக்குமா? ஆயினும் கடைக்காரர், வங்கி, தபால் நிலையம் எல்லாம் சேர்ந்து மாறியதால் மாற்றம் நிலைத்தது. ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் அக்கணக்கைத் தொடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்?

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இதற்கு மறுபக்கம். 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை அது லினக்ஸுக்கு மாற்றியது. தன் எல்லைக்குள் வட்டத்தை முழுமையாக்கியும், பிற அலுவலகங்களோடு கோப்புப் பரிமாற்றத்தில் தொல்லைகளும் ஊழியரிடையே மனக்குறைகளும் நீடித்தன. நகரின் ஆட்சியும் மாறியது. 2017-இல் விண்டோஸுக்குத் திரும்பவே நகர மன்றம் முடிவு செய்தது. ஆயினும் கதை அதோடு முடியவில்லை. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் ஏறத்தாழ 30,000 கணிப்பொறிகளை மாற்றுவதென்று 2024-இல் முடிவெடுத்தது.

பெரியவரும் தோற்பார்

மைக்ரோசாஃப்ட் எங்கும் வெல்லும் என்று எண்ண வேண்டா. கைப்பேசி உலகில் அதுவே ‘மாற்று’ ஆயிற்று. 2010-இல் அது விண்டோஸ் ஃபோனைக் கொண்டுவந்தபோது ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் களத்தைப் பிடித்துவிட்டன. 2011 பிப்ரவரியில் நோக்கியா நிறுவனம் தன் பழைய இயக்குதளத்தைக் கைவிட்டு, தன் உயர்வகைக் கைப்பேசிகளுக்கு விண்டோஸ் ஃபோனை ஏற்றது. அது பார்வைக்கு அழகியது. விரைவானது என்று பலர் பாராட்டினர். ஆனால் மக்கள் விரும்பிய செயலிகள் பல அதில் இல்லை. ஓ.எஸ்./2-ஐத் தடுத்த அதே சுவர், இப்போது அச்சுவரைக் கட்டியவரையே தடுத்தது.

இது தொலைதூரக் கதை அன்று. நோக்கியாவின் பெருந்தொழிற்சாலை ஒன்று 2006 முதல் நம் சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூரில் இயங்கியது. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்தனர். அவர்களுள் மிகப் பலர் கிராமங்களிலிருந்து சென்ற இளம்பெண்கள். நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டிடம் விற்றபோது, வரி வழக்கு ஒன்றின் காரணமாக இத்தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் நாள் அது மூடப்பட்டது. அங்கே பெரும்பாலும் எளிய வகைக் கைப்பேசிகளே தயாராயின என்பதாலும், வரி வழக்கும் சேர்ந்துகொண்டதாலும், முழுப் பழியையும் இயக்குதளத்தின்மேல் போடுவது நியாயமன்று. ஆயினும் நோக்கியா தன் தொழிலை விற்கும் நிலைக்கு வந்ததற்கு இயக்குதளப் போட்டியில் அது தோற்றதே பெருங்காரணம். எங்கோ ஒரு நாட்டில் எடுத்த முடிவு, வீட்டுக்குச் சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு மகளின் வேலையை நிறுத்த முடியும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டிற்று.

நாம் செய்யத்தக்கது

மாணவியரே! நீங்கள் படித்து முடித்துப் புதுவையிலோ கடலூரிலோ சென்னையிலோ ஓர் அலுவலகத்தில் அமரும்போது, அங்கே எந்த இயக்குதளம் இருக்கும் என்று இன்று யாரும் உறுதி கூற முடியாது. ஆகவே பொத்தான்களை மனப்பாடம் செய்யாதீர்கள், கருத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கணக்குத்தாளில் ஒரு சூத்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்று அறிந்தவள், எந்த மென்பொருளிலும் அதை எழுதுவாள். இரட்டைப் பதிவு முறையை அறிந்தவளுக்கு டேலி ஒரு கருவி. அறியாதவளுக்கு அதுவே எசமான். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் பெற்றோர்கள், “எந்த மென்பொருள் கற்றுத் தருகிறீர்கள்?” என்று கேட்பதோடு, “அதன் அடிப்படையையும் கற்றுத் தருவீர்களா?” என்றும் கேட்க வேண்டும்.

தமிழை யூனிகோடில் எழுதிப் பழகுங்கள். பத்தாண்டு கழித்தும், எந்தக் கணிப்பொறியிலும் அக்கோப்பு திறக்கும். வீட்டிலோ கடையிலோ மாற்றம் செய்ய விரும்பினால் அடித்தளத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் லிப்ரே ஆஃபீஸ் போன்ற, எல்லா இயக்குதளங்களிலும் இயங்கும் மென்பொருளுக்குப் பழகி, கோப்புகளை எவரும் திறக்கத்தக்க பொது வடிவில் வையுங்கள். இன்று கணக்கு, கடிதம், அஞ்சல் ஆகிய பல வேலைகள் இணைய உலாவியின் உள்ளேயே நடைபெறுகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனத்தின் அலுவலக மென்பொருள்கள் அத்தகையவை. உலாவிக்குக் கீழே எந்த இயக்குதளம் இருந்தாலும் அவை ஒன்றுபோல் இயங்கும். தடைச்சுவர் இவ்வாறு சிறிது சிறிதாகத் தாழ்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகளை என்ன செய்வது என்ற வினா பல அலுவலகங்களுக்கு வந்துள்ளது. இத்தகைய நேரங்களில்தான் மாற்றுகளுக்கு ஒரு வாயில் திறக்கிறது. அப்போது உதவி செய்யத் தெரிந்த ஒருத்தி அவ்வூரில் இருந்தால், அந்த வாயில் திறந்தே இருக்கும். அந்த ஒருத்தி ஏன் நம் பள்ளியில் படித்தவளாக இருக்கக் கூடாது?

முடிவுரை

மாற்று இயக்குதளங்கள் வணிகத்தில் தோற்றது தரக்குறைவால் மட்டும் அன்று, தனிமையாலும் ஆகும். ‘ஊருடன் கூடி வாழ்’ என்பர் பெரியோர். அது மாற்றத்திற்கு எதிரான அறிவுரை ஆகாது. மாற வேண்டுமெனில் ஊரையும் கூட்டிக்கொண்டு மாறு என்பதும் அதனுள் அடங்கும். நல்லதைக் கண்டுபிடிப்பது அறிவு. அந்நல்லதைச் சுற்றிக் கற்பிப்பவரையும் பழுது பார்ப்பவரையும் பயன்படுத்துவோரையும் சேர்ப்பது தொண்டு. முன்னது பல முறை நடந்திருக்கிறது. பின்னதுதான் நம் பகுதியில் இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டிலோ உறவினர் கடையிலோ உள்ள கணிப்பொறியில் எந்த இயக்குதளம் உள்ளது? அதனைத் தேர்ந்தெடுத்தவர் யார்?

2. அக்கடை தன் இயக்குதளத்தை மாற்ற விரும்பினால் யார் யாரைக் கலந்து பேச வேண்டும்? பட்டியல் எழுதுக.

3. ஓ.எஸ்./2, விண்டோஸ் ஃபோன் ஆகிய இரண்டின் தோல்விக்கும் பொதுவான காரணம் யாது?

4. நயா பைசா நிலைத்ததற்கும், கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்ததற்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.